கலர் குஞ்சுக்கு அம்மா எங்கே?

குழந்தைகளே! திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அடம்பிடித்து வாங்கியும் இருப்பீர்கள். அட்டைப்பெட்டியில் விட்டு, அரிசி போட்டு, தண்ணீர் வைத்து ஆசையாகப் பார்த்துக்கொள்வீர்கள். மூன்றாம் நாள் காலையில் குஞ்சு விறைத்துக் கிடக்கும். "இரை போட்டேனே டீச்சர், ஏன் செத்துப் போச்சு?" என்று என் வகுப்பில் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கண்கலங்கக் கேட்டுவிடும்.

அந்தக் குஞ்சுக்கு இரை இருந்தது, அம்மா இல்லை!

அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காக இயந்திரத்தில் பொரிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். சேவல் முட்டையிடாது. அந்த இனம் கறிக்காகவும் வேகமாக வளராது. அதனால் பண்ணைக்கு வேண்டாதவையாகி, சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன. அம்மாவின் முகத்தையே அவை பார்த்ததில்லை.

சரி, கோழி அம்மா அப்படி என்னதான் செய்கிறது? கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

முட்டையிட்டு முடித்த கோழி ஒருநாள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கனத்த குரலில் கொக்கரித்துக்கொண்டு, முட்டையிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்க மறுக்கும். அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து அதை உட்கார வைப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பழைய முட்டை வேண்டாம். முட்டையைக் கழுவவும் கூடாது. கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் மெல்லிய பூச்சு ஓட்டின் மேல் இருக்கிறது. கழுவினால் அது போய்விடும்.

கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை அடை வைத்தால் குஞ்சு வருமா? வராது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழிகள் சேவல் இல்லாமலே வளர்கின்றன. சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும். ஆனால் அந்த முட்டைக்குள் குஞ்சு உருவாகாது.

அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் வைப்பது கிராமத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்குமாம். இடியை மிளகாய் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை! ஆனால் மணல் வைத்தார்களே, அது நல்ல யோசனை. முட்டை உருளாது, சூடும் தங்கும்.

கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். நமக்கு 37 தான். அடைக்கோழியின் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்தச் சூடு முட்டையில் நேராகப் படுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அலகால் முட்டைகளை ஒரு நாளில் பல தடவை புரட்டிப் போடும். புரட்டாவிட்டால் வளரும் கரு உள்தோலில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். இரைக்கும் தண்ணீருக்கும் நாளுக்கு ஒரு முறை, சிறிது நேரம் மட்டும் எழுந்து போய்விட்டு ஓட்டமாகத் திரும்பி வரும். இப்படி 21 நாட்கள்!

ஏழாம் நாள் இரவு, பெரியவர்கள் துணையோடு ஒரு முட்டையை எடுத்து, அகன்ற பக்கத்தில் டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கூமுட்டை.

இருபதாம் நாள் வாக்கில் முட்டைக்குள்ளிருந்தே 'கீச் கீச்' என்று சத்தம் கேட்கும். அகன்ற பக்கத்துக் காற்றறையை உடைத்துக் குஞ்சு மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. தாயும் மெல்லப் பதில் குரல் கொடுக்கும். குஞ்சின் அலகு நுனியில் சின்னக் கூர்முனை ஒன்று இருக்கும். அதனால் ஓட்டைக் கொத்திக் கொத்தி உடைக்கும். முதல் விரிசலிலிருந்து வெளியே வரப் பல மணி நேரமாகும். சில குஞ்சுகளுக்கு ஒரு நாள்கூட ஆகும். பாவமாக இருக்கிறதே என்று ஓட்டை உரித்துவிடாதீர்கள்! அந்த நேரத்தில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போகிறது. உள்தோலின் ரத்த நாளங்கள் வற்றுகின்றன. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு சாகும்.

வயிற்றுக்குள் போன மஞ்சள் கருதான் கட்டுச்சோறு. அதை வைத்து இரண்டு நாள் இரையில்லாமல் இருக்கும். மற்ற முட்டைகளும் பொரியும்வரை தாய் எழாமல் உட்கார்ந்திருக்க முடிவது அதனால்தான்.

பிறகு பாடம் ஆரம்பம். இரை கிடைத்தால் ஒரு குரல், வானத்தில் பருந்து வந்தால் வேறு குரல். பருந்துக் குரல் கேட்டதும் குஞ்சுகள் சிறகுக்குள் ஓடி ஒளிந்துவிடும். குளிர்ந்தாலும் அதே சிறகுதான். பிறந்த குஞ்சின் பஞ்சு மயிர் அதன் சூட்டைக் காக்கப் போதாது. முதல் வாரத்தில் அதற்கு ஏறக்குறைய 35 டிகிரி கதகதப்பு வேண்டும்.

கலர் குஞ்சு விறைத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? தாயில்லாக் குஞ்சுக்கு நீங்கள்தான் சிறகு. பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு பழைய குண்டு பல்பைப் பெரியவர்களை விட்டுத் தொங்கவிடச் சொல்லுங்கள். எல்.ஈ.டி. பல்பு உதவாது; வெளிச்சம் தருமே தவிரச் சூடு போதாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள், குஞ்சு உள்ளே விழாமல் இருக்கும்.

இரைக்குக் குருணை, உடைத்த கம்பு போடலாம். ஆனால் தானியம் மட்டும் போதாது. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து பார்த்தால் பானை நிறையக் கரையான்! குஞ்சுகள் அதை அள்ளித் தின்னும் வேகம் இருக்கிறதே, பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும்.

எல்லாம் தெரிந்த தாய்க்கோழிக்கும் முடியாத காரியம் ஒன்று உண்டு. வெள்ளைக்கழிச்சல் என்ற நோயிலிருந்து அதனால் தன் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியாது. ராணிக்கெட் நோய் என்றும் இதைச் சொல்வார்கள். ராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கம், உத்தராகண்டில் உள்ள ஊர். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. கோழி தலையைத் தொங்கப்போடும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். சில நாட்களில் கூண்டே காலியாகிவிடும். ஒரு கோடையில் எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பஞ்சாரங்கள் ஒரே வாரத்தில் வெறுமையானதைப் பார்த்திருக்கிறேன். சேவல் கூவாமல் விடிந்த தெரு அது.

இது வைரஸ் நோய். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. வருமுன் தடுப்பு மருந்து உண்டு. ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். சந்தையில் வாங்கிய கோழியை உடனே மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். இறந்த கோழியைக் குளத்திலோ குப்பையிலோ வீசாமல், பெரியவர்கள் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதெல்லாம் வேண்டாம்!

கோடைக்கு முன்னால் கிராமங்களில் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கும். முகாம் நாளன்று காலையில் பஞ்சாரத்தைத் திறந்துவிடாதீர்கள். திறந்துவிட்டீர்களானால், வேலி தாண்டி ஓடும் கோழியை நீங்கள் பிடித்து வருவதற்குள் டாக்டர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.