மார்ச் 5 எப்படி மே 3 ஆனது?

என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2019-ல், இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படித்தபோது, கடையின் கடன் கணக்கிற்காக ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எக்செல்லுடன் வரும் விஷுவல் பேசிக்கில் எழுதியது. ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. ஏப்ரலில் மாமா புது லேப்டாப் வாங்கினார். கணக்கு பைலை பென் டிரைவில் எடுத்து அதில் போட்டோம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வழக்கமாக வாங்கும் ஓர் அம்மாவிடம் மார்ச் பாக்கி 2000 ரூபாய் என்று மாமா கேட்டிருக்கிறார். "5-ம் தேதியே கொடுத்துவிட்டேனே" என்று அவர் தன் கையில் இருந்த நோட்டை எடுத்துக் காட்டினார். மாமாவின் கையெழுத்தே அதில் இருந்தது! லேப்டாப்பில் பார்த்தால் அந்த வரவு மே 3 என்று இருக்கிறது. வராத தேதியில் வந்த பணம்.

காரணத்தைச் சொல்லும் முன் ஒரு சிறு விளக்கம். எண், எழுத்து, தேதி போன்றவை கம்ப்யூட்டர் மொழிகளுக்குத் தெரியும். 'வரவு' என்றால் என்ன என்று தெரியாது. வாடிக்கையாளர் எண், தேதி, தொகை மூன்றையும் சேர்த்து 'வரவு' என்ற புது டேட்டா டைப்பை நாம்தான் உருவாக்குகிறோம். புரோகிராமை மூடினால் மெமரியில் உள்ளது போய்விடும். எனவே அதை எழுத்துகளாக மாற்றி பைலில் வைக்க வேண்டும். இதற்கு சீரியலைசேஷன் என்று பெயர். திரும்பப் படித்து பழைய உருவத்திற்குக் கொண்டு வருவது டீசீரியலைசேஷன். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி, ஒவ்வொரு பலகையிலும் அடையாளம் போட்டு, புது வீட்டில் மாட்டுகிறோமே, அது போல. அந்த அடையாளம் போடும் முறைகளில் ஒன்று எக்ஸ்எம்எல். 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது. எங்கள் பைல் இப்படித்தான் இருந்தது (டேக் பெயர்களைத் தமிழில் தருகிறேன், எக்ஸ்எம்எல் அதையும் ஏற்கும்):

<வரவு>
<எண்>41</எண்>
<தேதி>05/03/2019</தேதி>
<தொகை>2000</தொகை>
</வரவு>

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் இந்திய முறைக்கு வைக்கப்பட்டிருந்தது. நாள் முதலில், மாதம் அடுத்து. புது லேப்டாப் அமெரிக்க முறையில் இருந்தது. அங்கே மாதம்தான் முதலில். அதே எழுத்துகள், வேறு தேதி.

இதில் ஒரு விஷமம் உண்டு. 25/03/2019 என்பது சரியாகவே வந்தது. 25-வது மாதம் கிடையாது என்பதால் விஷுவல் பேசிக் சத்தமில்லாமல் மாற்றிப் படித்துக்கொள்கிறது. 12-க்குள் உள்ள நாட்கள் மட்டும் தவறின. எர்ரர் மெசேஜ் வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

தவறு எக்ஸ்எம்எல் மீது இல்லை. தேதியை எந்த முறையில் எழுதுவது என்று நான் முடிவு செய்யவில்லை, விண்டோஸிடம் விட்டுவிட்டேன். 2001-ல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா தேதியை 2019-03-05 என்று வருடம், மாதம், நாள் வரிசையில்தான் எழுதச் சொல்கிறது. இதில் குழப்பம் வராது. தொகையிலும் கமா போடக் கூடாது. பெயரில் & குறி வந்தால் அதை அப்படியே எழுதாமல் அதற்குரிய குறியீடாக மாற்ற வேண்டும். டாட்நெட்டில் உள்ள எக்ஸ்எம்எல்சீரியலைசர் இவற்றையெல்லாம் தானே செய்துவிடும். ஆனால் பப்ளிக் என்று அறிவித்தவற்றை மட்டுமே எழுதும். பிரைவேட்டாக வைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடும். எனவே எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புரோகிராம் எழுதாதவர்களும் இதை நேரில் பார்க்கலாம். வேர்டு 2007 முதல் சேமிக்கப்படும் டாக்எக்ஸ் பைல் உண்மையில் ஒரு ஜிப் பைல். ஒன்றைக் காப்பி எடுத்து, எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே வேர்டு என்ற போல்டரில் டாகுமெண்ட் என்ற எக்ஸ்எம்எல் பைல் இருக்கும். நீங்கள் டைப் செய்த வரிகள் டேக்குகளுக்கு நடுவே தெரியும். காப்பியில் மட்டும் செய்யுங்கள்.

மாமாவின் கணக்கை எப்படிச் சரிசெய்தோம்? நல்லவேளை, பென் டிரைவில் பழைய பைல் அப்படியே இருந்தது. முதல் இரண்டு எழுத்து நாள், அடுத்த இரண்டு மாதம் என்று நானே பிரித்துப் படித்து, புது முறையில் எழுதினேன். லேப்டாப்பில் பிறகு ஏற்றியவற்றை நோட்டுகளைப் பார்த்து மீண்டும் டைப் செய்தோம். அந்த அம்மாவின் நோட்டைத்தான் முதலில் வாங்கினோம்.