மலையடிவாரத்து வரவு செலவு – 9: ஒரே ஆட்டம், இரண்டு சந்தா

சென்ற வாரம் கேபிள் கட்டணத்தைப் பற்றி விசாரித்து, நூறு சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் என்று 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். கேபிள்காரர் உள்ளூர் மனிதராதலால் அவரிடம் நம் குறையைச் சொல்லிக்கொள்ளவாவது ஒரு வழி உண்டு. வாசல் பக்கமே வராமல், கைபேசிக்குள்ளும் ஸ்மார்ட் டிவிக்குள்ளும் இருந்துகொண்டு சந்தா கேட்கும் கம்பெனிகளின் விஷயம் அப்படியன்று.

2025-ஆம் வருஷம் ஜூன் 20-ஆம் தேதி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி நம் செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் சாரல் விழும் பருவத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இந்தியாவின் டெஸ்ட் தொடர் ஆரம்பமாயிற்று; தமிழ்நாட்டு வாலிபர் சாய் சுதர்சன் டெஸ்ட் ஆட்டத்தில் பிரவேசித்ததும் அன்றைக்குத்தான். அங்கே காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பிற்பகல் மூன்றரைக்கு வந்து சேருமாதலால், சாரலுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கும் வயோதிகர்களுக்கு அதைவிட உசிதமான பொழுதுபோக்கு வேறொன்று இருக்க முடியாது. ஆனால் அத்தொடரை டிவி சேனலில் காட்டியது சோனி. இணையத்தில் காட்டியதோ ஜியோஹாட்ஸ்டார். சேனல் சோனியுடையதாயிற்றே என்று எண்ணிச் சோனிலிவ் சந்தாவைக் கட்டியவரால், அதே கம்பெனியின் செயலிக்குள் அந்த ஆட்டத்தைக் காண முடியவில்லை. ஓவலில் ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆறே ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்த அந்தக் கடைசி ஆட்டம் வரையில் இதே நிலைதான்.

விளையாட்டின் டிவி உரிமையும் இணைய உரிமையும் தனித்தனிப் பண்டங்களாக விற்கப்படத் தொடங்கியதிலிருந்து வந்த வினை இது. 2022 ஜூன் மாதம் ஐ.பி.எல். உரிமையை ஐந்து வருஷங்களுக்கு ஏலம் விட்டபோது, இந்தியாவுக்கான டிவி உரிமையை 23,575 கோடி ரூபாய்க்கு ஸ்டாரும், இணைய உரிமையை 20,500 கோடிக்கு வயாகாம்18-உம் எடுத்தன. மறுவருஷமே வயாகாம்18-இன் ஜியோசினிமா அந்த ஆட்டங்களை இலவசமாகக் காட்டிற்று, ஜனங்களும் மகிழ்ந்தார்கள். 2024 நவம்பரில் இரு தரப்பும் ஒரே குடும்பமாக இணைந்து, 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி ஜியோஹாட்ஸ்டார் பிறந்தவுடன், அந்தத் தர்மச் சத்திரம் மூடப்பட்டுச் சந்தா வந்துவிட்டது. போட்டி இருந்த வரையில் நீடித்த தயாளம் அது என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்னும் இந்த வழக்கு வேறு ரூபத்தில் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிருக்கிறது. 1993-இல் ஹீரோ கோப்பை ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் நேர்ந்த விவாதத்தில், 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள், வானலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று ஸ்தாபித்தார்கள். பின்னர் 2007-இல் வந்த சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ளவையென்று சர்க்கார் அறிவிக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பை, உரிமை யாரிடம் இருந்தாலும், பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று விதித்தது. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களும், ஒலிம்பிக்ஸும், உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதி, இறுதி ஆட்டங்களும் அந்தப் பட்டியலில் அடங்கும், ஐ.பி.எல். அடங்காது. இவ்வாறு பகிரப்படும் காட்சியைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷிலும் மாத்திரமே காட்டலாம், தனியார் கேபிளுக்குப் போகக்கூடாது என்று 2017-இல் அதே கோர்ட்டு வரையறுத்துவிட்டதால், கேபிளில் டி.டி. சேனலைத் திருப்பிப் பார்த்து ஏமாந்தவர்கள் அநேகர்.

எனவே இந்திய அணியின் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் மாத்திரம் போதும் என்கிற குடும்பத்துக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ஃப்ரீ டிஷ்தான். டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. மேற்கே மலை மறைக்குமே என்ற சந்தேகமும் வேண்டாம். அதற்குரிய ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கும் தெற்கும் கலந்த திசையில், நல்ல உயரத்தில் இருக்கிறது. சாரலுக்குப் படம் அசையாது; ஐப்பசி மழை கொட்டும்போது சற்று நேரம் உறைந்து நிற்கும், அவ்வளவே.

ஐ.பி.எல். இல்லாமல் வீட்டில் அமைதி நிலவாது என்பவர்கள் கணக்குப் போட்டாக வேண்டும். ஜியோஹாட்ஸ்டார் ஆரம்பத்தில் அறிவித்த விலைப்படி, டிவியிலும் பார்க்கக்கூடிய சூப்பர் சந்தா மூன்று மாதத்துக்கு 299 ரூபாய், வருஷத்துக்கு 899 என்று இருந்தது. ஐ.பி.எல். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்; அதற்கப்புறம் தீபாவளி வரையில் அந்தச் செயலியைத் திறக்காத வீடு, வருஷச் சந்தா மலிவு என்று கட்டுவது வீண். அந்த விலையில் மும்மாதச் சந்தாவை மூன்று முறை கட்டினால் 897 ஆகிவிடுகிறபடியால், மூன்று பருவங்களில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத்தான் வருஷச் சந்தா. விலை அடிக்கடி மாறும், கணக்கு முறை மாறாது. விளம்பரமில்லை என்று அதிக விலைக்கு விற்கும் பிரீமியம் சந்தாவை விளையாட்டுக்காக வாங்கவே வேண்டாம். நேரலை ஆட்டத்தில் அதிலும் விளம்பரம் உண்டு. கைபேசி ரீசார்ஜிலேயே சில திட்டங்களில் இந்தச் சந்தா சேர்ந்து வருகிறது. அது கைபேசிக்கு மட்டுமா, டிவிக்கும் சேர்த்தா என்று ரீசார்ஜ் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டபின் தனிச் சந்தாவை யோசிக்கலாம்.

ரேடியோ வைத்திருப்பதற்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய தலைமுறைக்குச் சந்தா என்பது புதிதல்ல. ஆயினும் அந்த ஒரே லைசென்ஸில் கச்சேரியும் கேட்டது, செய்தியும் கேட்டது. பிற்காலத்தில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையை வானொலியில் கேட்டவர்களும் அதற்கென்று தனிக் காசு கொடுத்ததில்லை.

செங்கோட்டை 1956 வரையில் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊராதலால், புனலூர்ப் பக்கம் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களில் கால்பந்துப் பித்தும் உண்டு. அவர்கள் கம்பெனியின் பெயரைப் பார்த்துச் சந்தா கட்டுவது அபாயம்: உலகக் கோப்பை 2018-இல் சோனியிடம் இருந்தது, 2022-இல் வயாகாம்18-இடம் போய் ஜியோசினிமாவில் இலவசமாக வந்தது. போட்டி தொடங்கும் வாரத்தில், இந்த முறை உரிமை யாரிடம் என்று பத்திரிகையில் பார்த்துவிட்டுக் கட்டுவதே உத்தமம். இன்னொன்று, இணையத்தில் வரும் படம் கேபிளுக்குச் சில வினாடிகள் பிந்தியே வரும். பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடை டிவியைப் பார்த்து எழும் கூச்சல், உங்கள் திரையில் பந்து வீசப்படும் முன்பே காதில் விழுந்தால் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சந்தா கட்டும்போது, அடுத்த தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே சம்மதத்தையும் சேர்த்தே கேட்பார்கள். ஆட்டம் முடிந்த மறுநாள், பணம் செலுத்திய யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்னும் பகுதியைத் திறந்து அதை ரத்து செய்யுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுவதால் மாத்திரம் பணம் பிடிப்பது நிற்காது.