எட்டடி தூரத்தில் நழுவிய கோப்பை... 59 வயதில் உலகையே கலங்கவைத்த டாம் வாட்சன்!

2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் டர்ன்பெரி மைதானம். கடைசிக் குழியைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவே ஒருவர் மட்டும் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பந்துக்கும் குழிக்கும் இடையே சுமார் எட்டடி தூரம்.

பந்து உள்ளே விழுந்தால் உலகின் மிகப் பழைமையான கோல்ஃப் போட்டியான 'தி ஓபன்' பட்டம் அவருக்கு. விழாவிட்டால் பிளேஆஃப்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அவருக்கு அப்போது வயது 59. இன்னும் ஏழு வாரங்களில் 60 பிறக்கப்போகிறது. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் இடுப்பு மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்த வயதில் கோல்ஃபின் பெரிய பட்டம் எதையும் யாரும் வென்றதில்லை. ஓபன் வரலாற்றில் அதிக வயதில் சாம்பியன் ஆனவர் ஓல்டு டாம் மோரிஸ். அவர் ஜெயித்தது 46 வயதில், அதுவும் 1867-ம் ஆண்டில்!

அந்த 59 வயது மனிதரின் பெயர் டாம் வாட்சன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம்

கணக்கு ரொம்ப எளிது. 18 குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தை எத்தனை அடியில் போடுகிறீர்கள் என்று எண்ணுவார்கள். யார் குறைவாக அடித்தாரோ அவரே வெற்றியாளர். ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வைத்திருக்கும் கணக்குக்கு 'பார்' என்று பெயர். அதைவிட ஓர் அடி குறைந்தால் 'பர்டி', ஓர் அடி கூடினால் 'போகி'.

பெரிய போட்டிகள் நான்கு நாள்கள் நடக்கும். நான்கு நாள் கணக்கும் சேர்ந்து இரண்டு பேர் சமமாக நின்றால் என்ன செய்வது? கிரிக்கெட்டில் சூப்பர் ஓவர் மாதிரி இங்கே பிளேஆஃப். ஆனால், ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு விதி. அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஒவ்வொரு குழியாக ஆடுவார்கள், முதலில் முந்துபவருக்குப் பட்டம். யு.எஸ்.ஓபனில் அப்போதெல்லாம் மறுநாள் வந்து 18 குழிகளையும் மீண்டும் ஆட வேண்டும். தி ஓபனில் 2009-ல் இருந்த விதி, நான்கு குழிகளை ஆடி மொத்தக் கணக்கைப் பார்ப்பது. இப்போது அது மூன்று குழிகளாகக் குறைந்துவிட்டது.

டர்ன்பெரியின் செல்லப்பிள்ளை

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர் வாட்சன். ஆனால், ஸ்காட்லாந்து மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள். காரணம், அவர் வென்ற ஐந்து ஓபன் பட்டங்களில் நான்கு ஸ்காட்லாந்து மண்ணில் வென்றவை.

முதல் பட்டம் 1975-ல், கர்னூஸ்டியில். அதுவே பிளேஆஃபில் கிடைத்த வெற்றிதான். ஆஸ்திரேலியாவின் ஜாக் நியூட்டனை 18 குழி பிளேஆஃபில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் முந்தினார் வாட்சன்.

இரண்டாவது பட்டம் 1977-ல், இதே டர்ன்பெரியில். அப்போது அவருக்கு 27 வயது. எதிரில் நின்றவர் அந்தக் காலத்தின் அசைக்க முடியாத மன்னன் ஜாக் நிக்லாஸ். கடைசி இரண்டு நாள்களும் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். மூன்றாம் நாள் இருவருமே 65. நான்காம் நாள் வாட்சன் 65, நிக்லாஸ் 66. அந்த ஓர் அடியில் வாட்சன் ஜெயித்தார். மூன்றாவதாக வந்தவர் நிக்லாஸைவிட 10 அடி பின்னால் இருந்தார் என்றால், இவர்கள் இருவரும் எந்த உயரத்தில் ஆடியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்துக்கு 'வெயிலில் நடந்த இருவர் சண்டை' என்று பொருள்படும் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

பிறகு 1980, 1982, 1983 என்று மேலும் மூன்று பட்டங்கள். ஓபனை அதிகபட்சமாக ஆறு முறை வென்றவர் ஜெர்சி தீவின் ஹாரி வார்டன். அவரைத் தொட வாட்சனுக்கு இன்னும் ஒரே ஒரு பட்டம்தான் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த வாய்ப்பு வந்தது. ஆனால், 1984-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் செவே பயஸ்டெரோஸ் முந்திக்கொண்டார். அதன் பிறகு 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆறாவது பட்டம் வரவே இல்லை.

தாத்தா வயதில் முதலிடம்

2009-ல் டர்ன்பெரிக்கு வாட்சன் வந்தபோது அவரை யாரும் போட்டியாளராகவே பார்க்கவில்லை. முன்னாள் சாம்பியன்கள் 60 வயதுவரை நேரடியாகக் களமிறங்கலாம் என்ற சலுகையில் வந்திருந்தார். பழைய நினைவுகளோடு இரண்டு நாள் ஆடிவிட்டு, ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முதல் இரண்டு நாள்களில் அவரோடு சேர்ந்து ஆடியவர்களில் ஒருவர், இத்தாலியின் மட்டியோ மனசெரோ. வயது 16! பேரன் வயதுப் பையனோடு நடந்துபோன வாட்சன், முதல் நாளில் 65 அடித்தார். முதலிடத்துக்கு ஓர் அடிதான் குறைவு. 'ஒரு நாள் அதிர்ஷ்டம்' என்றார்கள்.

இரண்டாம் நாள் காற்று வாட்டியது. அன்று டைகர் உட்ஸே தாக்குப்பிடிக்க முடியாமல் போட்டியிலிருந்து வெளியேறினார். வாட்சனோ மிக நீண்ட தூரத்திலிருந்து பந்துகளைக் குழிக்குள் உருட்டி, 70-ல் முடித்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் 71. இப்போது தனி ஆளாக முதலிடம்!

அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் நீல் ஆக்ஸ்மன். கோல்ஃபில் இந்த உதவியாளரை 'கேடி' என்பார்கள். வாட்சனின் பழைய கேடியும் உயிர் நண்பருமான புரூஸ் எட்வர்ட்ஸ், ஏ.எல்.எஸ் என்ற நரம்பு நோயால் 2004-ல் இறந்துபோயிருந்தார். அந்த வாரத்தில் ஒரு கட்டத்தில், "புரூஸ் இன்று நம்மோடுதான் இருக்கிறார்" என்று ஆக்ஸ்மன் சொல்ல, நடந்துகொண்டே இருவரும் அழுதிருக்கிறார்கள்.

அந்த ஒரு அடி

ஞாயிற்றுக்கிழமை. 17-வது குழியில் வாட்சன் பர்டி அடித்தார். மீதம் ஒரே ஒரு குழி. அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்காவின் ஸ்டூவர்ட் சிங்க், 18-வது குழியில் நீளமான ஒரு பந்தை உள்ளே தள்ளி, பர்டியோடு முடித்திருந்தார். அப்படியும் வாட்சனுக்கு ஓர் அடி முன்னிலை. கடைசிக் குழியில் பார் எடுத்தால் போதும், பட்டம் அவருக்குத்தான்.

முதல் அடி கச்சிதம். இரண்டாவது அடிக்கு எந்த மட்டையை எடுப்பது? எட்டாம் நம்பரா, ஒன்பதாம் நம்பரா? எட்டாம் நம்பர் பந்தைக் கொஞ்சம் கூடுதல் தூரம் கொண்டுபோகும். யோசித்து, எட்டாம் நம்பரை எடுத்தார் வாட்சன். பந்து குறி பார்த்த மாதிரி நேராகப் பறந்தது. ஆனால், விழுந்த இடத்தில் நிற்கவில்லை. காய்ந்த தரையில் உருண்டு, குழியைத் தாண்டி, புல்தரையின் பின்பக்க விளிம்பைக் கடந்து போய்த்தான் நின்றது.

அங்கிருந்து உருட்டினார். கொஞ்சம் வேகம் அதிகம். குழியைத் தாண்டிச் சுமார் எட்டடி தள்ளி நின்றது பந்து.

இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த எட்டடி!

வாட்சன் தட்டினார். நான்கு நாள்களாக எங்கிருந்தெல்லாமோ பந்தை உள்ளே தள்ளிய அதே கை, இந்த முறை தயங்கியது. பந்து குழியைத் தொடவே இல்லை. கூட்டத்திலிருந்து எழுந்த பெருமூச்சு மைதானம் முழுக்கக் கேட்டது.

இருவரும் சமம். 278-க்கு 278. பிளேஆஃப்.

நான்கு குழிகள், ஆறு அடிகள்

நான்கு நாள் நடந்து, கடைசி நொடியில் கோப்பையைக் கைநழுவவிட்டு, உடனே மீண்டும் ஆடப் போக வேண்டும். 36 வயது சிங்க்கின் கால்களில் இன்னும் தெம்பு இருந்தது. வாட்சன் களைத்துப்போயிருந்தார்.

ஆடவேண்டிய குழிகள் 5, 6, 17, 18. முதல் குழியில் பந்து மணலில் சிக்க, வாட்சனுக்குப் போகி. அடுத்ததில் இருவரும் பார். 17-வது குழியில் வாட்சனின் பந்து அடர்ந்த புதருக்குள் போனது. வெளியே எடுக்கவே திணறினார். சற்று நேரத்துக்கு முன் பர்டி அடித்த அதே குழியில், இப்போது ஏழு அடிகள்! அதே இடத்தில் சிங்க் எடுத்தது நான்கு. கடைசிக் குழியிலும் சிங்க்குக்கு பர்டி.

சிங்க் 14, வாட்சன் 20. ஆறு அடி வித்தியாசம். நாள் முழுக்க நூலிழையில் நடந்த போராட்டம், முடிவில் ஒருதலைப்பட்சமாகிவிட்டது.

ஜெயித்தவரும் தோற்றவர்தான்

அன்று பலரும் கவனிக்க மறந்தது சிங்க்கைத்தான். கூட்டம் மொத்தமும் வாட்சன் பக்கம் நின்றது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படியே. தனக்காகக் கைதட்ட ஆளில்லாத இடத்தில் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்தார்.

அவர் கதையிலும் ஒரு காயம் உண்டு. 2001 யு.எஸ்.ஓபன், கடைசி நாள், கடைசிக் குழி. இனி ஜெயிக்க முடியாது என்று நினைத்து, ஒன்றரை அடி தூரத்தில் கிடந்த பந்தை அவசரமாகத் தட்டினார் சிங்க். தவறியது. அடுத்த நிமிடமே முதலிடத்தில் இருந்தவரும் சொதப்ப, இருவர் பிளேஆஃபுக்குப் போனார்கள். அந்தக் குட்டிப் பந்து உள்ளே போயிருந்தால் சிங்க்கும் அவர்களோடு இருந்திருப்பார். எட்டு வருடம் கழித்து, டர்ன்பெரியில்தான் அவருக்கு முதல் பெரிய பட்டம் கிடைத்தது.

"இது துக்க வீடு இல்லையே!"

தோல்விக்குப் பிறகு செய்தியாளர் சந்திப்புக்கு வந்தார் வாட்சன். எதிரில் உட்கார்ந்திருந்த பத்திரிகையாளர்களின் முகங்கள் இறுகியிருந்தன. அவர்களைப் பார்த்து வாட்சன் சொன்ன முதல் வார்த்தை: "இது துக்க வீடு இல்லையே!"

அறை சிரித்தது. ஆனால், அவர் எதையும் மறைக்கவில்லை. இந்தத் தோல்வி வயிற்றைப் பிசைகிறது என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஜெயித்திருந்தால் பெரிய கதையாகியிருக்கும் என்றும் சொன்னார். காற்றின்மீதோ, தரையின்மீதோ, வயதின்மீதோ பழி போடவில்லை.

அதோடு அவர் ஓய்ந்தும் போகவில்லை. 2011-ல் சீனியர் பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்பை 61 வயதில் வென்றார். அதுவும் பிளேஆஃபில்! அவருடைய டர்ன்பெரி ஆட்டத்தைப் பார்த்த ஓபன் நிர்வாகம், தன் வயது விதியையே தளர்த்தியது. முதல் பத்து இடங்களுக்குள் வரும் முன்னாள் சாம்பியன்களுக்கு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆடும் வாய்ப்பு என்று புதிய விதி வந்தது.

2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் தன் கடைசி ஓபனை ஆடினார் வாட்சன். 65 வயது. அன்று ஆட்டம் தாமதமாகி, அவர் கடைசிக் குழிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பந்து எங்கே போகிறது என்றுகூடச் சரியாகத் தெரியாத நேரம். ஆனாலும் அவரை வழியனுப்பக் கூட்டம் காத்திருந்தது.

2021-ல் ஃபில் மிக்கெல்சன் 50 வயதில் பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்பை வென்று, பெரிய பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவரானார். 59 வயதில் அந்தக் கோட்டைத் தொட இன்னும் யாரும் வரவில்லை. தொடும் தூரத்துக்கு வந்தவர் ஒருவர்தான். இடையில் இருந்தது எட்டடி.

2009 ஓபன் கோப்பையில் பொறிக்கப்பட்டிருப்பது ஸ்டூவர்ட் சிங்க்கின் பெயர். ஆனால், அந்த ஆண்டு ஓபன் பற்றி எந்தக் கோல்ஃப் ரசிகரிடம் கேட்டாலும், அவர் முதலில் பேசத் தொடங்குவது டாம் வாட்சனைப் பற்றித்தான்!