பச்சிளங் குழந்தைக்குக் காது கேட்கிறதா?

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் எல்லையோரத்தில் உள்ளது எங்கள் செங்கல் ஊர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். அதனால் பிள்ளை பேசத் தாமதமானால், "இரண்டு மொழி கேட்டு வளர்கிறது, மெல்லப் பேசும்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம்.

என் அக்காளின் பேத்திக்கும் அப்படித்தான் சொன்னார்கள். குறைமாதத்தில் பிறந்தவள். மூன்று வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். கடும் காமாலைக்காக இரத்தம் மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் செய்த காதுச் சோதனையில் தேறிவிட்டாள். ஆனால் ஒன்றரை வயதில்தான் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. இன்று பேச்சுப் பயிற்சி பெறுகிறாள். போன மாதங்கள் போனவைதாம்.

தேறிய குழந்தைக்குக் கேட்காமல் போவது எப்படி?

சோதனைகள் இரண்டு. 'ஓ.ஏ.இ.' சோதனையில் காதுக்குள் மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் நன்றாயிருந்தால் ஒரு சிற்றொலி திரும்பி வரும். அந்த ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை இது காட்டாது. அதைக் காட்டுவது 'பெரா' சோதனை. தூங்கும் குழந்தையின் தலையில் சிறு மின்முனைகளை ஒட்டிப் பதிவு செய்வார்கள், வலி இல்லை.

கடும் காமாலை செவி நரம்பையும் மூளைத்தண்டையும் தாக்கக்கூடும். அப்போது முதல் சோதனையில் தேறும் குழந்தை இரண்டாவதில் தேறாது. ஆகவே தீவிர சிகிச்சையில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்குப் பெரா அவசியம். செயற்கைச் சுவாசம், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளாலும் செவி கெடலாம். சில குறைகள் பின்னால் தலைகாட்டும். எனவே 9 மாதத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மூளைக்காய்ச்சல் வந்தால் தாமதிக்கவே கூடாது. உட்செவி எலும்பாக இறுகிவிட்டால் காக்ளியர் கருவி பொருத்துவது கடினம்.

தட்டைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதிர்வுக்கும் கையசைவுக்கும்கூடக் குழந்தை திரும்பும்.

1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே கணக்கு. நோயுற்ற குழந்தைக்கு இது சற்றுத் தள்ளிப்போகலாம், மறந்துபோகக் கூடாது. 1997இல் தொடங்கிய, திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள 'நிஷ்', மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் ஆகியவை இதற்கென்றே உள்ளவை. போகும்போது மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டை மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

இரண்டு மொழி எந்தக் குழந்தையின் காதையும் கெடுப்பதில்லை. தமிழில் தாராளமாகப் பேசுங்கள். அது குழந்தையின் காதில் விழுகிறதா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.