பாதி மருந்து ஊற்றினால் ஏன் ஓட்டை விழுகிறது?

விஸ்கான்சினில் பண்ணை வீடு வாங்கிய நண்பன் போன ஜனவரியில் கூப்பிட்டான். வெளியே உறைபனி. வீட்டைச் சூடாக்கும் விறகு ஃபர்னஸிலிருந்து தண்ணீர் கசிகிறது. "துருப் பிடிக்காம இருக்க மருந்தெல்லாம் ஊத்தினேன்டா, அப்புறமும் ஏன்?" என்றான். எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டேன். விலை ஜாஸ்தி என்று சொன்ன அளவில் பாதிதானாம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஃபர்னஸ் வீட்டுக்கு வெளியே சின்னக் கொட்டகை மாதிரி நிற்கும். நடுவில் விறகு எரியும் இரும்புப் பெட்டி, அதைச் சுற்றித் தண்ணீர். சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடான அந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே வீட்டுக்குள் போய், சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். பெரும்பாலான மாடல்களில் தொட்டி மேலே காற்றுக்குத் திறந்திருக்கும். அழுத்தம் ஏறி வெடிக்காது, அது நல்லது. ஆனால் ஆக்சிஜனுக்கு வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 750 லிட்டர் தொட்டி என்றால் 6 கிராம். அது முழுக்க இரும்போடு சேர்ந்தால் 14 கிராம் இரும்பு துருவாகும். சூடேறும்போது இதில் பெரும்பகுதி வெளியே ஓடிவிடும் என்பதால் இது அதிகபட்சக் கணக்கு. அவ்வளவு பெரிய தொட்டியில் 14 கிராம் பரவலாகக் கரைந்தால் ஒன்றுமே இல்லை. அதே 14 கிராம், 6 மில்லிமீட்டர் தகட்டில் 2 மில்லிமீட்டர் அகல ஓட்டைகளாகப் போனால்? ஏறக்குறைய 90 ஓட்டை! எவ்வளவு துரு என்பதைவிட எந்த இடத்தில் துரு என்பதுதான் விஷயம்.

மருந்தின் கதையும் இதுதான். பல மருந்துகளில் முக்கியச் சரக்கு சோடியம் நைட்ரைட். அது இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி, இரும்பு கரையும் இடங்களை மூடுகிறது. அளவு குறைந்தால் அங்கங்கே சில புள்ளிகள் மூடாமல் நிற்கும். மூடிய பரப்போ சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இடமாக அது தொடர்ந்து வேலை செய்கிறது. அத்தனை எலக்ட்ரானையும் அந்தச் சில புள்ளிகளே கொடுத்தாக வேண்டும், அதனால் அங்கே ஆழமாகக் குழி விழுகிறது. மருந்தே ஊற்றாமல் விட்டிருந்தால் பரவலாகத் துருப் பிடித்திருக்கும், ஓட்டை இவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்காது. சிக்கனம் பிடித்தவனுக்கு இதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பியதும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வாளியும் புது ஆக்சிஜன், மருந்தும் நீர்த்துப்போகும். அந்தப் பக்கத்துக் கிணற்று நீர் கடினம் வேறு. சூடான தகட்டில் சுண்ணாம்பு படிந்தால் அதற்கடியில் தனியாக அரிக்கும்.

ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தான். தொட்டியைக் கழுவி, முழு அளவு மருந்து ஊற்றினான். இப்போது நைட்ரைட் அளவையும் பிஎச்சையும் சோதித்து நோட்டில் குறிக்கிறான், எத்தனை வாளி ஊற்றினான் என்பதையும்.

மே மாதம் மறுபடி போன். "சீசன் முடிஞ்சிடுச்சு, தண்ணியை வடிச்சிடவா?" வேண்டாம் என்றேன். வடித்தால் ஈரமான தகடும் காற்றும் கோடை முழுக்க ஒன்றாகக் கிடக்கும். நிறைத்தே வை, ஆனால் வெதுவெதுப்பில் கிடக்கும் நைட்ரைட்டைப் பாக்டீரியா தின்றுவிடும், செப்டம்பரில் அடுப்பு மூட்டுவதற்கு முன் இன்னொரு தடவை சோதித்துக்கொள் என்றேன்.