கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கரண்ட் போனால், பால், தயிர் வாங்கி அடுக்கிய திருத்தணிக் கடைக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மாடியில் சோலார் இருக்கிறதே என்று நம் வணிக நண்பர்கள் பலர் தைரியமாக இருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்த்த சோலார், லைனில் கரண்ட் நின்றதும் உச்சி வெயிலிலும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது நம் கரண்ட் பாயக்கூடாதல்லவா?

ஆகவே பேட்டரியும் அதற்குரிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் கணக்குக்கு 1.8 யூனிட். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக, கைக்கு வருவது 0.9 யூனிட்தான். சராசரி 150 வாட் இழுக்கும் பிரீசர் அதில் ஆறு மணி நேரம்கூட ஓடாது. லித்தியம் விலை அதிகம். ஆனால் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

பொருத்துகிறவரிடம், முதலில் சோலார், அடுத்து லைன், கடைசியில் பேட்டரி என்று வைக்கச் சொல்ல வேண்டும். பேட்டரியை இரண்டாவதாக வைத்தால் இரவெல்லாம் கரைந்து, விடியலில் கரண்ட் போகும்போது காலியாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லைனிலிருந்தும் சார்ஜ் ஏற வழி வைப்போம்.

2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையான மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கடை இணைப்புக்குக் கிடையாது.