பாட்டில் மேல இருக்கிற வயசு எதைச் சொல்லுது?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. சென்னையில வேலை பார்க்கிற ஒரு தம்பி அனுப்பியிருந்தார். "அண்ணா, அப்பா அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறார். ஒரு நல்ல சிங்கிள் மால்ட் வாங்கிக் கொடுக்கலாம்னு ஏர்போர்ட் கடையில பார்த்தேன். ஸ்காட்லாந்து பாட்டில்ல 12 வருஷம்னு போட்டிருக்கு. பக்கத்துலயே பெங்களூரு பாட்டில். விலை கிட்டத்தட்ட அதேதான், ஆனா வயசே போடல. வயசை மறைக்கிற சரக்குக்கு எதுக்கு இவ்வளவு காசு? ஏமாத்துறாங்களா?"

இல்ல தம்பி, ஏமாத்தல. ஆனா கேள்வி நியாயமானது. இதுக்குப் பதில் பீப்பாய்க்குள்ளதான் இருக்கு, கொஞ்சம் உள்ள போய் பார்ப்போம். (21 வயசு ஆகாதவங்க இதை கெமிஸ்ட்ரி கிளாஸா மட்டும் கேட்டுக்கோங்க. தமிழ்நாட்டுல சட்டம் அப்படி.)

முதல்ல மால்ட்னா என்னன்னு பார்த்திடலாம். வீட்டுல கேழ்வரகை ஊறவெச்சு, முளைகட்டி, காயவெச்சு அரைப்பாங்க இல்லையா? பார்லியில அதே வேலையைப் பண்ணினா மால்ட். முளைவிடும்போது, தானியத்துல இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற என்சைம்கள் உருவாகுது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலா மாத்தும். அதைச் செம்புக் கலத்துல ரெண்டு தடவை காய்ச்சி வடிப்பாங்க. முளைகட்டின பார்லியை மட்டும் வெச்சு, ஒரே டிஸ்டில்லரியில இதெல்லாம் நடந்தா அது சிங்கிள் மால்ட். நம்ம ஊர்ல விஸ்கிங்கிற பேர்ல மலிவா விக்கிற பலதுக்கு அடிப்படை மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில மிஞ்சுற பாகு. ஐரோப்பிய ஒன்றியத்துல அதை விஸ்கின்னு சொல்லி விக்கவே முடியாது.

வடிச்சு வர்ற சரக்கு பச்சைத்தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருக்கும். கிட்டத்தட்ட 70 சதவீதம் ஆல்கஹால். பழ வாசனை கொஞ்சம், தானிய வாசனை கொஞ்சம், கூடவே மூக்கைக் குத்துற ஒரு முரட்டுத்தனம். விஸ்கியோட பொன்னிறம், வெனிலா வாசனை, வாயில தங்குற அந்தக் கனம் எதுவும் இதுல இருக்காது. அதெல்லாம் பெரும்பாலும் ஓக் மரம் கொடுக்கிறது.

ஓக் பீப்பாயைச் செய்யுறதே தனிக் கலை. ஆணி கிடையாது, பசை கிடையாது. பலகைகளைச் சூடு காட்டி வளைச்சு, இரும்பு வளையத்தால இறுக்குறதுதான். ஸ்காட்லாந்துல கிரெய்கெல்லாக்கிங்கிற ஊர்ல ஸ்பேசைட் கூப்பரேஜ்னு ஒரு பட்டறை இருக்கு. அங்க போனா இந்த வேலையை நேர்லயே பார்க்கலாம். பீப்பாயோட உள்பக்கத்தை நெருப்புல வாட்டுவாங்க, இல்ல கரியாகவே எரிப்பாங்க. அந்தக் கரி, தண்ணி ஃபில்டர்ல இருக்கிற கரி மாதிரி கந்தக வாடையை இழுத்துக்கும். சூடு பட்ட மரத்துல லிக்னின் உடைஞ்சு வெனிலின் வரும். லாக்டோன்னு ஒரு பொருள் தேங்காய் வாசனை கொடுக்கும். டானின் லேசான துவர்ப்பு தரும். வெயில் ஏறும்போது சரக்கு விரிஞ்சு மரத்துக்குள்ள போகும், குளிரும்போது இதையெல்லாம் கரைச்சுக்கிட்டு வெளிய வரும். நடுவுல மரத்தோட நுண்துளை வழியா காற்றும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து சரக்கோட வேலை செய்யும்.

அந்தப் பீப்பாய் எங்கிருந்து வருதுன்னு கேட்டா, பெரும்பாலும் அமெரிக்காவுல இருந்து. அங்க போர்பன் விஸ்கியை, உள்ள கரியாக்கின புது ஓக் பீப்பாயிலதான் வைக்கணும்னு சட்டம். ஒரு தடவை பயன்படுத்தின பீப்பாயில மறுபடி போர்பன் ஊத்த முடியாது. அதனால அது ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருக்கும் கப்பல் ஏறுது. ஸ்பெயின்ல ஷெர்ரி ஒயின் ஊத்தி வெச்ச பீப்பாய்க்கும் நல்ல கிராக்கி. அதுல வளர்ந்த மால்ட்ல உலர்திராட்சை, பேரீச்சை வாசனை தூக்கலா இருக்கும்.

ஃபில்டர் காபி போடுறவங்களுக்கு இனி நான் சொல்லப்போறது சட்டுனு புரியும். மால்ட் முதல் தடவை ஊத்துற பீப்பாய் முதல் டிகாக்‌ஷன் மாதிரி, நல்லா இறங்கும். அதே பீப்பாயில ரெண்டாவது, மூணாவது தடவை ஊத்தினா மரத்தோட சுவை குறைஞ்சுக்கிட்டே போகும். அதனால 12 வருஷம் களைச்சுப்போன பீப்பாயில கிடந்த மால்ட்டைவிட, 6 வருஷம் நல்ல பீப்பாயில இருந்தது சுவையா இருக்கலாம்.

சரி, அந்த 12ங்கிற நம்பர் என்னதான் சொல்லுது? ஸ்காட்ச்னு பேர் போடணும்னா, ஸ்காட்லாந்துலயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில குறைஞ்சது 3 வருஷம் இருக்கணும். வயசு போட்டா, கலவையில இருக்கிறதுலயே இளசான சரக்கோட வயசைத்தான் போடணும். 30 வருஷ மால்ட்ல ஒரு கரண்டி 12 வருஷ மால்ட் கலந்தாலும் பாட்டில்ல 12தான். ஆக, கணக்கு நேர்மையானது. ஆனா அது காலண்டரோட கணக்கு, மரத்தோட கணக்கு இல்ல.

இட்லி மாவை எடுத்துக்கோங்க. சென்னையில மே மாசம் ராத்திரி கரைச்சு வெச்சா விடியறதுக்குள்ள பொங்கி வழியும். ஊட்டியில டிசம்பர்ல அதே மாவு காலையிலயும் அசையாம உட்கார்ந்திருக்கும். வேதிவினை வேற, விஷயம் ஒண்ணுதான்: வெயில் வேலையை வேகமாக்கும். ஸ்காட்லாந்துக் குளிர்ல மரம் நிதானமா வேலை செய்யும், பெங்களூர்ல ஓடும்.

ஓடுறதுக்கு ஒரு கூலி உண்டு. பீப்பாயில இருந்து வருஷா வருஷம் கொஞ்சம் சரக்கு ஆவியாப் போயிடும். தேவதைகளோட பங்குன்னு அதைச் சொல்றாங்க. ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம். பெங்களூர்ல 10, 12 வரைக்கும் போகும். 200 லிட்டர் பீப்பாய்னு வெச்சுப்போம். ஸ்காட்லாந்துல 12 வருஷம் கழிச்சு 157 லிட்டர் கையில இருக்கும். பெங்களூர்ல 10 சதவீதம்னே கணக்குப் போட்டாலும் 4 வருஷத்துல 131, 8 வருஷத்துல 86, 12 வருஷத்துல வெறும் 56. கிட்டத்தட்ட முக்கால்வாசி காத்தோட போச்சு.

அதனால பெங்களூர்ல மால்ட் செய்யுறவருக்கு நிஜமான கேள்வி, எப்போ நிறுத்துறதுங்கிறதுதான். இன்னும் ஒரு வருஷம் விட்டா சுவை கூடலாம். இல்ல, டானின் ஏறி பலகையை நக்கின மாதிரியும் ஆகலாம். எப்படியும் பத்துல ஒரு பங்கு போறது நிச்சயம். அம்ருத் நிறுவனம் அவங்க சிங்கிள் மால்ட்டை 2004ல முதல்ல அறிமுகம் பண்ணினது கிளாஸ்கோவுல, ஸ்காட்ச்சோட சொந்த வீட்டுல! பெரும்பாலும் 4, 5 வருஷ மால்ட்தான். அதுல 4ன்னு போட்டா, 12ஐப் பார்த்துப் பழகின கண்ணு அப்படியே தாண்டிப் போயிடும். இந்தியப் பார்லியையும் புகை காட்டின ஸ்காட்லாந்துப் பார்லியையும் சேர்த்துச் செஞ்ச அம்ருத் ஃபியூஷனை, ஜிம் மர்ரி தன்னோட 2010 விஸ்கி பைபிள்ல உலகத்துலயே மூணாவது இடத்துல வெச்சார். ஒரு மனுஷனோட மார்க்தான், ஆனா அதுக்கப்புறம் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 2013ல அவங்களே 8 வருஷ மால்ட் ஒண்ணு கொண்டு வந்தாங்க. பேரு கிரீடி ஏஞ்சல்ஸ், பேராசைக்காரத் தேவதைகள். மேல போட்ட கணக்கைப் பார்த்தா பேர் ஏன்னு புரியும்.

அதுக்காக 12, 18 எல்லாம் வெறும் விளம்பரம்னு சொல்ல மாட்டேன். குளிர்ல நிதானமா காற்றோட பழகி வர்ற ஒரு மென்மை இருக்கு. வெயில்ல அது அவ்வளவு சுலபமா வராது. ரெண்டும் வேற வேற ருசி.

தம்பி, கடையில வேற என்ன பார்க்கலாம்னா: எந்தப் பீப்பாய்னு எழுதியிருக்கா பாருங்க. 46 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா, பெரும்பாலும் குளிரவெச்சு வடிகட்டாத மால்ட்டா இருக்கும், வாயில கனம் தெரியும். நிறத்தை நம்பாதீங்க. ஸ்காட்ச்லயே கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்குது.

அப்பா புகை வாசனையை ரசிப்பார்னா ஃபியூஷன் மாதிரி ஒண்ணு எடுங்க. இல்லைன்னா அந்த 12 வருஷத்தையே தைரியமா வாங்குங்க. எதுவானாலும் முதல் வாய் அப்படியே, அப்புறம் சில சொட்டுத் தண்ணி விட்டு ஒரு வாய். தண்ணி விட்டதும் வாசனை ஏன் எழும்புதுன்னு 2017ல ஸ்வீடன் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர்ல பார்த்தாங்க. புகை வாசனை தர்ற குவாயகால்ங்கிற மூலக்கூறு மேல்பரப்புக்கு வருதாம். அப்பா சோடா கேட்டார்னா கொடுத்துடுங்க, அது அவரோட பாட்டில்.